கோட்டைக்குள் ஓர் அரங்கு: புஸ்ரா நகரம் கையளித்த வரலாறு

முஸ்லிம் உலகின் தொன்மையான நகரங்களுக்குப் பயணம் செய்யும் நம்மவர்கள் பள்ளிவாசல்களையும் மத்ரசாக்களையும் பெரியார்களின் அடக்கத்தலங்களையும் தேடிச் செல்வது வழக்கம். இஸ்லாத்திற்கு முற்பட்ட காலத்துக் கட்டடங்கள் அந்நகரங்களின் நடுவே ஓங்கி நின்றாலும், அவை நமக்குரியவையல்ல என்ற எண்ணத்துடனேயே அவற்றைக் கடந்து சென்றுவிடுகிறோம். மறுபுறத்தில், அதே கட்டடங்களைக் காண வரும் வெளிநாட்டுப் பயணிகளுள் பலர் அவற்றை ரோமரின் சாதனைகளாக மட்டும் கண்டு திரும்புகின்றனர். அவற்றைச் சூழ்ந்து ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்த முஸ்லிம் தலைமுறைகள் அவர்களின் கண்ணில் படுவதில்லை. இவ்விரு பார்வைகளும் குறையுடையவை. ஒரு கட்டடத்தை எழுப்பியவர்களின் வரலாறு எவ்வளவு முக்கியமானதோ, அதனை நூற்றாண்டுகள் கடந்து நம் கையில் ஒப்படைத்தவர்களின் வரலாறும் அவ்வளவு முக்கியமானது.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்த்தும் இடங்களுள் ஒன்று, சிரியாவின் தென்பகுதியில் அமைந்துள்ள புஸ்ரா நகரின் அரங்காகும். ரோமரால் கட்டப்பட்டு, அய்யூபிய சுல்தான்களின் கோட்டை மதில்களுக்குள் பொதிந்து பாதுகாக்கப்பட்ட இவ்வரங்கு, உலகில் எஞ்சியுள்ள ரோம அரங்குகளுள் மிகவும் முழுமையான ஒன்றாகக் கருதப்படுகிறது. அந்நகருக்கும் நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை வரலாற்றுக்கும் இடையே நெருங்கிய தொடர்பும் உண்டு. இவ்வரங்கு எவ்வாறு எழுந்தது, எவ்வாறு எஞ்சியது, அதனை மீட்டெடுத்தபோது எதனை நாம் இழந்தோம் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

ஹவ்ரான் சமவெளியும் புஸ்ராவும்

டமஸ்கஸ் நகரிலிருந்து ஏறத்தாழ 140 கி.மீ. தெற்கே, ஜோர்தான் எல்லைக்கு அண்மையில், ஹவ்ரான் எனும் பரந்த சமவெளியில் புஸ்ரா அமைந்துள்ளது. பண்டைய எரிமலைகள் கக்கிய குழம்பு உறைந்து உருவான நிலம் அது. அதன் மண் வளமானது. கோதுமை செழித்து வளர்வது. டமஸ்கஸின் களஞ்சியம் என ஹவ்ரான் நெடுங்காலமாக அழைக்கப்பட்டு வந்ததற்கு இதுவே காரணம். எனினும் கட்டட வேலைக்கு ஏற்ற மரம் அங்கு அரிது. ஆகவே அப்பகுதி மக்கள் சுவர்களை மட்டுமன்றி கூரைத் தளங்களையும், சில இடங்களில் கதவுகளையும்கூட, கறுத்த எரிமலைக் கல்லிலேயே செதுக்கிக்கொண்டனர். புஸ்ராவின் கட்டடங்கள் யாவும் கருநிறமாய்த் தோன்றுவது இதனாலேயாகும். அக்கல் செதுக்குவதற்குக் கடினமானது. ஆயினும் ஒருமுறை செதுக்கிவிட்டால் காலத்தால் எளிதில் தேயாதது.

பெத்ராவைத் தலைநகராகக் கொண்டிருந்த நபதிய அறபிகளின் இறுதி மன்னரான இரண்டாம் ரப்பேல், கி.பி. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புஸ்ராவுக்கு முதன்மை அளித்தார். கி.பி. 106 இல் ரோமப் பேரரசர் டிராஜன் நபதிய அரசை ரோமப் பேரரசுடன் இணைத்து, 'அறேபியா' எனும் மாகாணத்தை அமைத்தபோது புஸ்ராவே அதன் தலைநகராயிற்று. அங்கு ஒரு ரோமப் படையணி நிலைகொண்டது. புஸ்ராவிலிருந்து செங்கடலோரத்தில் இன்றைய அகபா அமைந்துள்ள இடம்வரை ஒரு நெடுஞ்சாலை அமைக்கப்பட்டது. 106 ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட ஓர் ஆண்டுக்கணக்கு அம்மாகாணத்தின் கல்வெட்டுகளில் சில நூற்றாண்டுகள்வரை வழக்கிலிருந்தது. இந்நகரின் தலைவிதியை அதன் கோதுமை வயல்களும் வணிகப் பாதைகளும் தீர்மானித்தன என்பதை இங்கு நாம் மனங்கொள்ள வேண்டும். பின்னர் அரங்கு கோட்டையாக மாறியதற்கும் இவையே காரணங்களாயின.

சமதரையில் எழுந்த அரங்கு

அரங்கு கி.பி. இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பண்டைய அரங்குகள் பலவற்றில் பார்வையாளருக்கான படிவரிசைகள் ஏதேனும் ஒரு குன்றின் சரிவைக் குடைந்தே அமைக்கப்பட்டன. அவ்வாறு அமைத்தால் செலவு குறையும், உறுதியும் கிடைக்கும். புஸ்ராவில் அத்தகைய குன்று எதுவுமில்லை. எனவே சமதரையின் மீது வளைவுக் கூரைகளையுடைய சுற்றுப்பாதைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எழுப்பி, அவற்றின் மேலேயே ஆசனப் படிகளைத் தாங்கவைத்தனர். படிகளுக்குக் கீழே ஒரு முழுமையான கட்டடமே மறைந்திருக்கிறது என்று கூறலாம்.

அரைவட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 102 மீற்றர். மூன்று அடுக்குகளாகப் பிரிக்கப்பட்ட 37 படிவரிசைகள் உள்ளன. 15,000 பேர் வரை அமரக்கூடியதாயிருந்தது எனப் பொதுவாகக் கணிக்கப்படுகிறது. மேடை ஏறத்தாழ 45 மீற்றர் நீளமானது. அதன் பின்புறத்தே உயர்ந்த சுவரொன்று எழுகிறது. கருங்கல் சுவரின் முன்னே வெண்ணிறத் தூண்கள் வரிசையாக நிற்பது கண்ணைக் கவரும் காட்சியாகும். படிகளின் உச்சியில், அரைவட்டத்தைச் சுற்றி, தூண்களுடன்கூடிய நடைகூடமொன்று செல்கிறது. ரோம அரங்குகளுள் இத்தகைய மேல் நடைகூடம் எஞ்சியிருப்பது மிக அரிது.

கூட்டம் வெளியேறுவதற்கான ஏற்பாடும் கவனத்திற்குரியது. படிகளின் இடையிடையே திறக்கும் வாயில்கள் உட்புறச் சுற்றுப்பாதைகளுக்கும் படிக்கட்டுகளுக்கும் இட்டுச் செல்கின்றன. பல்லாயிரம் பேர் நெரிசலின்றிக் குறுகிய நேரத்தில் கலைந்து செல்வதற்கு இவ்வமைப்பு வழிசெய்தது. மேடையில் ஒருவர் இயல்பான குரலில் பேசினால் மேற்படியில் இருப்பவரும் கேட்கலாம் என்பதை அங்கு செல்வோர் சோதித்துப் பார்ப்பதுண்டு. ஆசனங்களின் சரிவும் மேடைச்சுவரின் உயரமும் சேர்ந்து ஒலியைச் சிதறவிடாமல் காக்கின்றன.

நபிகளாரின் வாழ்வில் புஸ்ரா

குறைஷியரின் கோடைகாலப் பயணம் ஷாமை நோக்கியதாக இருந்தது. ஹிஜாஸிலிருந்து வரும் வணிகக் கூட்டங்களுக்குப் புஸ்ரா ஒரு பெரும் சந்தையாக விளங்கியது. இளம்பராயத்தில் அபூதாலிப் அவர்களுடன் பயணித்த நபி (ஸல்) அவர்களை இந்நகரில் பஹீறா எனும் துறவி கண்டதாக சீறா நூல்கள் கூறுகின்றன. இது தொடர்பான அறிவிப்புகள் குறித்து ஹதீஸ்கலை அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவற்றுள் ஒன்றை இமாம் திர்மிதி ஹஸன் தரத்தில் வைத்தார். இமாம் தஹபீயோ அதன் உள்ளடக்கத்திலுள்ள சில விடயங்களைச் சுட்டிக்காட்டி அதனைக் கடுமையாக விமர்சித்தார். நம் முன்னோர் இந்நகரின் புகழுக்காக ஆய்வு நெறியைத் தளர்த்திக்கொள்ளவில்லை என்பதை இதிலிருந்து நாம் விளங்கிக்கொள்ளலாம்.

ஐயத்திற்கிடமற்ற தொடர்புகளும் உள்ளன. நபி (ஸல்) அவர்கள் பைஸாந்தியப் பேரரசர் ஹிரக்ளியஸுக்கு எழுதிய மடலை திஹ்யா அல்கல்பீ (ரழி) அவர்கள் புஸ்ராவின் ஆட்சியாளரிடமே கையளித்தார்கள். அவர் மூலமாகவே அது பேரரசரைச் சென்றடைந்தது என ஸஹீஹுல் புஹாரி பதிவுசெய்துள்ளது. புஸ்ராவின் ஆட்சியாளருக்கான மற்றொரு மடலைச் சுமந்து சென்ற ஹாரிஸ் இப்னு உமைர் (ரழி) அவர்கள் வழியில் கொல்லப்பட்டதே ஹிஜ்ரி 8 இல் நிகழ்ந்த முஅத்தா போருக்குக் காரணமாயிற்று என வாக்கிதீ போன்ற வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகின்றனர். ஹிஜாஸிலிருந்து தோன்றும் ஒரு நெருப்பின் ஒளி புஸ்ராவிலுள்ள ஒட்டகங்களின் கழுத்துகளையும் புலப்படுத்தும் என்ற முன்னறிவிப்பை புஹாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் காண்கிறோம். ஹிஜ்ரி 654 (கி.பி. 1256) இல் மதீனாவுக்கு அண்மையில் வெடித்து, ஏறத்தாழ 52 நாட்கள் நீடித்த எரிமலையை அறிஞர்கள் இதனுடன் தொடர்புபடுத்துவர். இவ்வாறு, ரோமர் அரங்கு அமைத்த அந்நகரின் பெயர் நம் ஹதீஸ் கிரந்தங்களிலும் நிலைபெற்றுவிட்டது.

நகரின் கைமாற்றம்

ஹிஜ்ரி 13 (கி.பி. 634) இல் காலித் இப்னு வலீத் (ரழி) அவர்கள் இராக்கிலிருந்து பாலையைக் கடந்து ஷாமுக்கு வந்து சேர்ந்த வேளையில் புஸ்ரா முஸ்லிம்களிடம் பணிந்தது. ஷாமில் முதன்முதலில் கைமாறிய முக்கிய நகரங்களுள் இதுவும் ஒன்று. நகர மக்களின் உயிர், உடைமைகளுக்குப் பாதுகாப்பளித்து, அவர்கள் ஜிஸ்யா செலுத்துவது என்ற உடன்படிக்கையின் பேரிலேயே அது ஒப்படைக்கப்பட்டது என்பதை பலாதுரீயின் நூலிலிருந்து அறிகிறோம். நகரம் எரிக்கப்படவில்லை; அதன் கட்டடங்கள் இடிக்கப்படவுமில்லை. கி.பி. 512 இல் கட்டி முடிக்கப்பட்ட பெரும் தேவாலயமும் ரோமரின் அரங்கும் அவ்வாறே விடப்பட்டன.

நகரின் நடுவே எழுந்த பள்ளிவாசல் கலீபா உமர் (ரழி) அவர்களின் பெயரால் 'அல்உமரீ' என வழங்கி வருகிறது. உமையா கலீபா இரண்டாம் யஸீதின் காலத்தில், கி.பி. 720 - 721 அளவில், அங்கு கட்டட வேலை நடந்ததற்குக் கல்வெட்டுச் சான்று உண்டு. பின்னர் கி.பி. 1112 அளவில் அது விரிவாகப் புதுப்பிக்கப்பட்டது. அதன் கூடங்களைத் தாங்கும் தூண்களுள் பல முந்திய கட்டடங்களிலிருந்து பெறப்பட்டவை. ஷாமுக்குக் கொண்டுவரப்பட்ட அல்குர்ஆன் பிரதியைச் சுமந்த ஒட்டகம் மண்டியிட்ட இடம் எனும் மரபின் வழி 'மப்றக்' பள்ளிவாசல் பெயர் பெற்றது. அதனையொட்டி கி.பி. 1136 இல் குமுஷ்தகின் எனும் ஆளுநர் நிறுவிய மத்ரசா, இன்று எஞ்சியுள்ள மிகத் தொன்மையான மத்ரசாக் கட்டடங்களுள் ஒன்றாகும். தஃப்ஸீர் ஆசிரியரும் வரலாற்றாசிரியருமான இப்னு கஸீர் அவர்கள் கி.பி. 1300 அளவில் பிறந்தது புஸ்ராவைச் சார்ந்த ஒரு கிராமத்திலேயாகும்.

டமஸ்கஸிலிருந்து புறப்படும் ஹஜ் பயணிகளுக்கும் புஸ்ரா ஒரு தங்குமிடமாக விளங்கியது. 1326 இல் அவ்வழியே சென்ற இப்னு பதூதா, டமஸ்கஸில் பிந்தியவர்கள் வந்து சேர்ந்துகொள்வதற்காகப் பயணக் கூட்டம் இங்கு சில நாட்கள் தங்குவது வழக்கம் எனக் குறிப்பிடுகிறார். 1372 இல் ஆளுநர் மன்ஜக் இங்கு ஒரு பெரிய ஹம்மாமைக் கட்டியதும் இப்பின்னணியிலேயே நோக்கத்தக்கது.

வெறுமையான மேடை

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. இவ்வளவு பெரிய அரங்கைப் பெற்றுக்கொண்ட முஸ்லிம்கள் அதனை ஏன் அரங்காகப் பயன்படுத்தவில்லை? அவர்களே அதனை மூடினர் எனச் சிலர் எண்ணுவதுண்டு. உண்மையில், முஸ்லிம்கள் வந்து சேர்வதற்கு முன்பே பண்டைய நாடகக்கலை அப்பிரதேசங்களில் நலிந்துவிட்டிருந்தது. பிற்கால ரோம அரங்குகளில் பெரும்பாலும் ஊமைக்கூத்தும் கேலிக்கூத்துமே இடம்பெற்றன. கிறிஸ்தவத் திருச்சபையினர் அவற்றைத் தொடர்ந்து கண்டித்து வந்தனர். ஏழாம் நூற்றாண்டை எய்தியபோது கிழக்கு ரோமப் பேரரசின் அரங்குகள் பல கைவிடப்பட்ட நிலையிலிருந்தன. ஆகவே முஸ்லிம்கள் மரபாகப் பெற்றது ஒரு கட்டடத்தையே. உயிருள்ள ஒரு கலை மரபை அன்று.

இதற்கு வேறொரு துறையிலிருந்தும் சான்று தரலாம். கிரேக்கத் தத்துவமும் மருத்துவமும் கணிதமும் பக்தாதில் ஆர்வத்துடன் மொழிபெயர்க்கப்பட்டபோதிலும், கிரேக்க நாடகங்கள் அறபுக்கு வரவில்லை. அரிஸ்டோட்டிலின் கவிதையியல் நூலை அபூ பிஷ்ர் மத்தா (இறப்பு 940) சிரியாக் மொழி வழியாக அறபுக்குக் கொண்டுவந்தார். எனினும் நாடகத்தை நேரில் கண்டிராத சமூகத்தில் அந்நூலின் கலைச்சொற்கள் பொருளிழந்தன. துன்பியல் நாடகத்தைப் புகழ்பாடும் கவிதையாகவும் இன்பியல் நாடகத்தை வசைக்கவிதையாகவும் விளங்கிக்கொள்ளும் மரபு அம்மொழிபெயர்ப்புடன் தொடங்கி, பன்னிரண்டாம் நூற்றாண்டில் இப்னு ருஷ்தின் விளக்கவுரையிலும் தொடர்ந்தது. அவ்வளவு கூர்மையான அறிஞரும் இவ்வாறு கொண்டமைக்குக் காரணம், நாடகம் எனும் கலை கண்ணெதிரே இல்லாமையேயாகும். எண்ணற்ற அரங்குகள் முஸ்லிம் நாடுகளில் நின்றன. ஆனால் அவை எதற்காகக் கட்டப்பட்டன என்பதைச் சொல்லித்தர அங்கு எவருமில்லை.

நடிப்புக்கலை முற்றாக இல்லாதிருந்தது என்பது இதன் பொருளன்று. நிழற்கூத்து முஸ்லிம் நகரங்களில் செல்வாக்குப் பெற்றிருந்தது. மோசூலிலிருந்து கெய்ரோவுக்குச் சென்ற மருத்துவரும் கவிஞருமான இப்னு தானியால் (இறப்பு 1310 அளவில்) எழுதிய நிழற்கூத்துப் பிரதிகள் இன்றும் கிடைக்கின்றன. மேடை நாடகம் நவீன வடிவில் அறபுலகில் தோன்றியது 1847 இல், பெய்ரூத்தில் மாரூன் நக்காஷின் முயற்சியாலாகும். டமஸ்கஸில் அபூ கலீல் அல்கப்பானி நாடகங்களை மேடையேற்றி, எதிர்ப்புக்கு இலக்காகி, 1880களில் எகிப்துக்குச் சென்று தம் பணியைத் தொடர்ந்தார்.

அரங்கு கோட்டையாகியது

மேடை வெறுமையாயிற்று, ஆனால் கட்டடத்திற்குப் புதியதொரு பணி காத்திருந்தது. உயர்ந்த, தடித்த, அரைவட்டச் சுவர். நகரின் தென் விளிம்பில் அமைந்த இடம். உள்ளே ஒரு பெரும் படையைத் தங்கவைக்கப் போதிய வெளி. போர்க்கலை அறிந்த எவருக்கும் அது பாதி கட்டி முடிக்கப்பட்ட ஒரு கோட்டையாகவே தோன்றியிருக்கும். உமையாக்களின் காலத்திலேயே வெளிவாயில்கள் கல்வைத்து அடைக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது. பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் ஸல்ஜூக்கியர் ஆட்சியில் அரங்கின் சுவரையொட்டிக் கொத்தளங்கள் எழுப்பப்பட்டன.

இம்முயற்சிகளின் தேவை 1147 இல் தெளிவாயிற்று. புஸ்ராவின் ஆளுநர் அல்தூன்தாஷ் டமஸ்கஸுக்கு எதிராகக் கிளர்ந்து, ஜெரூஸலத்திலிருந்த சிலுவைப் போர்வீரரின் உதவியை நாடினார். மன்னர் மூன்றாம் போல்ட்வின் தலைமையில் அவர்களின் படை ஹவ்ரானை நோக்கிப் புறப்பட்டது. டமஸ்கஸின் முஈனுத்தீன் உனுரும் அலெப்போவின் நூருத்தீன் ஸன்கியும் ஒன்றிணைந்து அதனைத் தடுத்தனர். புஸ்ராவைப் பெறாமலேயே சிலுவைப் படை கடும் இன்னல்களுடன் பின்வாங்கியது. புஸ்ரா வீழ்ந்திருந்தால் டமஸ்கஸின் கோதுமையும் ஹஜ் பாதையும் எதிரியின் கைக்குப் போயிருக்கும்.

ஸலாஹுத்தீன் அய்யூபியின் சகோதரரான அல்மலிக்குல் ஆதிலும் அவருக்குப் பின்வந்த அய்யூபியரும் இப்பாடத்தை மறக்கவில்லை. 1202 க்கும் 1251 க்கும் இடைப்பட்ட அரை நூற்றாண்டில், அரங்கைச் சுற்றிப் பாரிய கொத்தளங்களும் அவற்றை இணைக்கும் மதிலும் ஆழ்ந்த அகழியும் உருவாயின. கட்டியவரின் பெயரையும் ஆண்டையும் பொறித்த கல்வெட்டுகள் கொத்தளங்களில் பதிக்கப்பட்டன. உட்புறத்திலும் வேலைகள் நடந்தன. ஆசனப் படிகளின் மீதும் மேடைப் பகுதியிலும் பள்ளிவாசல், மாளிகை, களஞ்சியங்கள், நீர்த்தொட்டி முதலியன பல தளங்களாக அமைந்தன. 1260 இல் மங்கோலியர் ஷாமினுள் புகுந்தபோது கோட்டை சேதமடைந்தது. மம்லூக்கிய சுல்தான் பைபர்ஸ் அதனைச் சீர்செய்தார்.

இதன் விளைவு என்ன? பிற நகரங்களில் கைவிடப்பட்ட அரங்குகள் கல்லெடுக்கும் இடங்களாக மாறின. வீடு கட்டுவோரும் மதில் கட்டுவோரும் அவற்றின் படிகளையும் தூண்களையும் பெயர்த்துச் சென்றனர். புஸ்ராவிலோ அவ்வரங்கு அரசின் கோட்டை. ஒரு கல்லையும் எவரும் அகற்ற இயலாது. மேலும், உட்புறக் கட்டடங்களும் காலப்போக்கில் சேர்ந்த மண்ணும் படிகளை மூடி மழையிலிருந்தும் வெயிலிலிருந்தும் காத்தன. அய்யூபியர் ரோமக் கலையைப் பாதுகாக்க எண்ணிச் செயற்பட்டவர்களல்லர். அவர்களின் நோக்கம் நகரைக் காப்பதே. ஆனால் ஒரு பொருளைப் பயன்படுத்துபவர் அதனைப் பேணவும் செய்கிறார் எனும் எளிய விதியால், அவர்களின் கோட்டை அரங்கின் காவலாயிற்று.

மீட்பும் அதன் விலையும்

இருபதாம் நூற்றாண்டில் இக்கதை மற்றொரு திருப்பத்தை அடைந்தது. சிரியா விடுதலை பெற்றதைத் தொடர்ந்து, 1947 முதல் 1970 வரையான காலத்தில், தொல்பொருள் துறையினர் அரங்கினுள் குவிந்திருந்த மண்ணை அகற்றி, படிவரிசைகளை வெளிக்கொணர்ந்து, விழுந்த தூண்களை மீண்டும் நிறுத்தினர். இன்று நாம் காணும் அரங்கு அவ்வுழைப்பின் கனியாகும். 1978 முதல் அங்கு கலைவிழா நடைபெறத் தொடங்கியபோது, பல நூற்றாண்டுகளின் பின் அம்மேடையில் மீண்டும் மனிதக்குரல் எழுந்தது. 1980 இல் புஸ்ரா யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆனால் அம்மீட்புக்கு ஒரு விலையும் இருந்தது. ரோமப் படிகளைக் காண்பதற்காக, அவற்றின்மீது நின்ற அய்யூபியக் கட்டடங்கள் அகற்றப்பட்டன. பள்ளிவாசலும் மாளிகையும் களஞ்சியங்களும் மறைந்தன. வெளிமதிலும் கொத்தளங்களும் மட்டும் எஞ்சின. இரண்டையும் ஒருங்கே வைத்திருப்பது இயலாத காரியமே என வாதிடலாம்; படிகள் மீது கட்டடம் இருக்கும்வரை படிகளைக் காண முடியாதல்லவா? எனினும் எந்தக் காலத்தைக் காட்டுவது, எந்தக் காலத்தை அகற்றுவது என்ற தெரிவு வெறும் தொழில்நுட்பத் தெரிவன்று. அது வரலாறு பற்றிய ஒரு தீர்ப்பு. தொன்மையானதே மதிப்புடையது; பின்வந்தது அதன்மீது படிந்த தூசு என்ற கருத்து அக்காலத் தொல்லியலில் உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்தது. முஸ்லிம் நாடொன்றின் அறிஞர்களும் தம் முன்னோரின் கட்டடங்களை அதே அளவுகோலால் அளந்தனர் என்பது சிந்தனைக்குரியது.

இவ்விடத்தில் அவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் இல்லையேல் அவ்வரங்கு இன்றும் மண்ணுக்குள்ளேயே இருந்திருக்கும். இன்றைய மரபுரிமைப் பாதுகாப்பு நெறிகள் ஒரு கட்டடத்தின் எல்லாக் காலப் படிவுகளையும் மதிக்கும்படி வலியுறுத்துகின்றன. அந்நெறிகள் நிலைபெறுவதற்கு முன்பே அங்கு வேலை தொடங்கிவிட்டது. நாம் பெறவேண்டிய பாடம் வேறு. நம் மரபின் எப்பகுதி பேணத்தக்கது என்பதை நாமே ஆராய்ந்து தெளிந்திராவிட்டால், பிறர் வகுத்த அளவுகோல் நம் கைகளாலேயே அதனை அகற்றிவிடும்.

போரின் நிழலில்

2011 மார்ச்சில் சிரியாவின் எழுச்சி புஸ்ரா அமைந்துள்ள தர்ஆ மாகாணத்திலேயே வெடித்தது. அதனைத் தொடர்ந்த போர் புஸ்ராவையும் விட்டுவைக்கவில்லை. கலைவிழா தடைப்பட்டது. 2013 இல் சிரியாவின் ஆறு உலக மரபுரிமைத் தலங்களும் ஆபத்துக்குள்ளானவை எனும் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2015 இல் நகரம் கிளர்ச்சிப் படையினரிடமும் 2018 இல் மீண்டும் அரசிடமும் கைமாறியது. சண்டைகளின்போது பழைய நகரின் கட்டடங்களும் அரங்கும் சேதங்களுக்குள்ளாயின. 2024 டிசம்பரில் அஸதின் ஆட்சி வீழ்ந்தது. கோட்டையாக மாறி ஒரு போர்க்காலத்தில் பிழைத்த அரங்கு, மற்றொரு போர்க்காலத்தையும் காயங்களுடன் கடந்து வந்துள்ளது.

அதே நாட்டின் மற்றோர் அரங்குக்கு நேர்ந்த கதியை இதனுடன் ஒப்பிடாதிருக்க முடியாது. தத்முர் எனப்படும் பல்மைராவை 2015 மே மாதம் கைப்பற்றிய 'இஸ்லாமிய அரசு' எனத் தம்மை அழைத்துக்கொண்ட குழுவினர், அங்குள்ள ரோம அரங்கின் மேடையை மனிதரைக் கொல்லும் களமாக்கினர். 2017 இன் தொடக்கத்தில் அதன் மேடைச்சுவரின் ஒரு பகுதியை அவர்கள் தகர்த்தனர். மார்க்கத்தின் பெயராலேயே அச்செயல்கள் நியாயப்படுத்தப்பட்டன. ஆயின், ஹிஜ்ரி 13 இல் புஸ்ராவினுள் நுழைந்த ஸஹாபாக்கள் அந்நகரின் அரங்கையோ தேவாலயத்தையோ தகர்க்கவில்லை. ஹிஜ்ரி முதல் நூற்றாண்டிலிருந்து மம்லூக்கியர் காலம்வரை அந்நகரை ஆண்டவர்கள் எவரும் அவ்வரங்கை அழிப்பதைத் தம் மார்க்கக் கடமையாகக் கருதவுமில்லை. அவர்கள் அதனுள்ளே வாழ்ந்தனர், தொழுதனர், அதன் மதிலிலிருந்து நகரைக் காத்தனர். புஸ்ராவின் கருங்கற்கள் தரும் சாட்சியம் இதுவே. தத்முரின் அழிவை இஸ்லாத்தின் இயல்பாகக் காட்ட முனைவோருக்கும், அதனை மார்க்கமெனக் கொண்டோருக்கும் இச்சாட்சியமே போதிய மறுமொழியாகும்.

பார்க்கும் முறை

முந்திய சமூகங்களின் சுவடுகளைப் பூமியில் பயணித்துக் கண்டு படிப்பினை பெறுமாறு அல்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறது. காண்பதற்குச் சுவடுகள் எஞ்சியிருந்தாலன்றோ அக்கட்டளையை நிறைவேற்ற இயலும்? அவற்றைப் பேணுவது அப்படிப்பினைக்கான வாயிலைத் திறந்துவைப்பதாகும்.

புஸ்ராவுக்குச் செல்லும் ஒருவர் முதலில் காண்பது அரங்கையன்று. அகழியின் மேலுள்ள பாலத்தைக் கடந்து, அய்யூபியரின் கொத்தளங்களுக்கிடையே நுழைந்து, இருள் சூழ்ந்த வளைவுக் கூரைப் பாதைகளினூடாக நடந்து, படியேறி வெளிச்சத்தை அடைந்த பின்னரே அரைவட்ட ஆசனங்கள் அவர் முன் விரிகின்றன. பெரும்பாலோர் அக்கணத்தில் தாம் கடந்து வந்த பாதையை மறந்துவிடுகின்றனர். அந்த இருண்ட பாதையும் பார்வைக்குரியதே. வாயில்களை அடைத்த கற்களைக் காண வேண்டும். கொத்தளத்தின் கல்வெட்டில் பொறித்த பெயர்களை வாசிக்க வேண்டும். அகற்றப்பட்ட பள்ளிவாசல் நின்ற இடம் எது எனக் கேட்க வேண்டும். அரங்கிலிருந்து வெளியேறி, அல்உமரீ பள்ளிவாசலுக்கும் மப்றக் மத்ரசாவுக்கும் நடந்து செல்ல வேண்டும்.

அவ்வாறு பார்ப்பவருக்கு, நபதியரும் ரோமரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒருவர் விட்டுச்சென்ற கல்லை மற்றவர் எடுத்துவைத்துக் கட்டிய ஒரே நகரமாகப் புஸ்ரா விளங்கும். அரங்கை எழுப்பியோரின் பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை. அதனைக் காத்த மதிலை எழுப்பியோரின் பெயர்கள் கொத்தளக் கற்களில் அறபு எழுத்தில் இன்றும் இருக்கின்றன. அவற்றை வாசிக்கும் பொறுப்பு நம்முடையது.